இவர் இடதா, வலதா? டெல்டாவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மன்னார்குடியில் ஹரித்ராநதித் தெப்பக்குளக் கரையில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் ஏழெட்டுப் பேர் கூடுவோம். பேச்சு வாய்க்கால் தூர்வாருவதில் தொடங்கினாலும், உரத் தட்டுப்பாட்டில் தொடங்கினாலும், முந்தைய நாள் தொலைக்காட்சி விவாதத்தில்தான் போய் முடியும். பிறகு யாராவது ஒருவர் கேட்பார்: “அந்த ஆள் உண்மையில் எந்தப் பக்கம்?” ஒரே கேள்விக்கு வாராவாரம் பதில் சொல்லி அலுத்துவிட்டது. எழுதி வைத்துவிட்டால் அடுத்த வாரம் வேறு எதையாவது பேசலாம் என்ற ஆசையில் இதை எழுதுகிறேன்.

இடது, வலது என்ற பெயர்கள் எங்கிருந்து வந்தன?

1789இல் பிரான்சின் தேசிய சபையிலிருந்து. சபை இயற்றும் சட்டத்தை நிறுத்திவைக்கும் அதிகாரம் மன்னருக்கு இருக்கலாமா என்று விவாதம் வந்தது. இருக்கட்டும் என்றவர்கள் தலைவரின் வலக்கைப் பக்கமும் கூடாது என்றவர்கள் இடக்கைப் பக்கமும் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்த இடமே கொள்கைக்குப் பெயராகிவிட்டது. பரம்பரையாக வந்த சொத்தும் அதிகாரமும் பெரும்பாலும் இருக்கிறபடி இருக்கட்டும் என்பது வலது. அதைக் கலைத்துப் பங்கிட வேண்டும் என்பது இடது. சுருக்கமான விளக்கம்தான், ஆனால் குளக்கரைக்குப் போதும். நம் ஊரில் இதனுடன் சாதி, மொழி, மாநில உரிமை மூன்றும் சேர்ந்துகொள்வதால் இரண்டு பெஞ்சு போட்டு எல்லாரையும் உட்காரவைக்க முடியாது.

தொலைக்காட்சியில் பெயருக்குக் கீழே போடுகிறார்களே, அதை நம்பலாமா?

கடைத்தெருவில் நாங்கள் டீ குடிக்கும் கடையில் ஒரு நாள் எட்டு மணி விவாதத்தில் ஒருவர் பேசினார். பெயருக்குக் கீழே ‘அரசியல் விமர்சகர்’. ஒன்பது மணிக்கு வேறு சேனல் மாற்றியபோது அதே மனிதர், ‘வலதுசாரிச் சிந்தனையாளர்’ என்ற பட்டத்தோடு இருந்தார். டீ ஆற்றிக்கொண்டிருந்த கடைக்காரர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, “ஒரு மணி நேரத்தில் சட்டையை மாற்ற முடியவில்லை, ஆளை மாற்றிவிட்டார்கள்” என்றார்.

விவாதத்துக்கு நாலு நாற்காலி. நாலிலும் சண்டை போடுகிற ஆள் வேண்டும். எந்த நாற்காலி காலியோ அதற்கான பட்டம் வந்தவருக்குக் கிடைக்கிறது. அது அவருடைய கொள்கையைப் பற்றிச் சொல்வதைவிட அன்றைய நிகழ்ச்சிக்கு யார் வராமல் போனார்கள் என்பதைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறது.

பிறகு எதைப் பார்த்துக் கண்டுபிடிப்பது?

டெல்டாவில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. ‘விவசாயி’ என்ற சொல்லை அவர் எப்படிப் பயன்படுத்துகிறார் என்று மட்டும் கவனியுங்கள்.

எல்லாரும் விவசாயி பக்கம்தான். விவசாயியை எதிர்த்துப் பேசிய விமர்சகரை நான் இதுவரை பார்த்ததில்லை. ஆனால் ஒரு வரப்பில் நின்று பார்த்தால் மூன்று பேர் தெரிவார்கள். பத்து வேலி வைத்துக்கொண்டு தஞ்சாவூரிலோ சென்னையிலோ குடியிருப்பவர் ஒருவர். அவருடைய நிலத்தையோ கோயில் நிலத்தையோ குத்தகைக்கு உழுபவர் இரண்டாமவர். இந்த இரண்டு பேருக்கும் நாற்றுப் பறித்து, நட்டு, களையெடுத்து, மாலையில் கூலி வாங்கிக்கொண்டு போகும் பெண் மூன்றாமவர். வேலி என்பது ஏறக்குறைய ஆறே முக்கால் ஏக்கர். கணக்கு தெரியாத வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்.

நெல்லின் ஆதரவு விலை உயர்ந்தால் முதல் இருவருக்கும் நல்லது. குத்தகை குறைந்தால் இரண்டாமவருக்கு நல்லது, முதலாமவருக்கு நஷ்டம். நடவுக்கூலி உயர்ந்தால் மூன்றாமவருக்கு மட்டும் நல்லது. அறுவடை இயந்திரம் வயலில் இறங்கினால் இருவருக்கு நிம்மதி, ஒருவருக்கு வேலை போகிறது. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று மூட்டையைத் திருப்பி அனுப்புவதைப் பற்றி எந்த விமர்சகரும் கண்ணீர் வடிக்கலாம், செலவில்லாத கண்ணீர் அது. கூலியைப் பற்றிப் பேசும்போதுதான் விஷயம் வெளியே வரும்.

செங்கொடிக்காரர்களுக்கே இது எளிதாக இருந்ததில்லை. அதனால்தான் விவசாயிகளுக்கு ஒரு சங்கம், விவசாயத் தொழிலாளர்களுக்கு ஒரு சங்கம் என்று தனித்தனியே வைத்திருக்கிறார்கள். அறுவடை நேரத்தில் இரண்டு சங்கத்தின் தோழர்களும் ஒரே டீக்கடையில் எதிரெதிரே உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆக, மூவரையும் ‘விவசாயி’ என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டுபவர், தெரிந்தோ தெரியாமலோ முதலாமவருக்காகப் பேசுகிறார். மூவரையும் பிரித்துக் காட்டிவிட்டு, மூன்றாமவரிடமிருந்து தொடங்குபவர் இடது. பிரித்துக் காட்டிவிட்டு, நிலம் வைத்திருப்பவர் பிழைத்தால்தான் மற்ற இருவருக்கும் வேலை என்று வாதாடுபவர் நேர்மையான வலது. அவரோடு எனக்கு உடன்பாடு இல்லை, ஆனால் சாக்கு கட்டுகிறவரைவிட அவர் பேச்சு எனக்குப் பிடிக்கும்.

இதற்கு ஒரே ஒரு கேள்வி கேட்க முடியும் என்றால்?

நூறு நாள் வேலையைப் பற்றிக் கேளுங்கள். 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக அது வந்த நாளிலிருந்து “நடவுக்கு ஆள் கிடைக்கவில்லை, சனங்கள் சோம்பேறியாகிவிட்டார்கள்” என்பது இங்கே திண்ணைப் பேச்சு. ஆள் கிடைக்கவில்லை என்பது ஒரு தகவல். சோம்பேறி என்பது ஒரு பக்கம். முதலாளித்துவத்தை மேடைதோறும் கிழித்துத் தோரணம் கட்டிய ஒருவர், திருவாரூர்ப் பக்கம் ஒரு கூட்டம் முடிந்து காரில் ஏறும்போது இந்த இரண்டாவது பாதியை என் காதுபடச் சொன்னார். அவருக்கு அந்தப் பக்கம் நிலம் இருக்கிறது.

மீத்தேன், நிலக்கரித் திட்டங்களை எதிர்ப்பவர்கள் எல்லாரும் இடதுசாரிகள்தானே?

இல்லை. டெல்டாவில் இது எல்லாரும் தேறுகிற பரீட்சை. 2023இல் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்புப் பக்கங்களில் நிலக்கரிச் சுரங்க ஏலத்துக்கு அறிவிப்பு வந்தபோது ஆளும் திமுக எதிர்த்தது, அதிமுக எதிர்த்தது, கம்யூனிஸ்டுகள் எதிர்த்தார்கள். மத்தியில் ஆளும் பாஜகவின் மாநிலத் தலைவரும் வேண்டாம் என்று எழுதினார். ஏலப் பட்டியலிலிருந்து அந்த இடங்கள் நீக்கப்பட்டன. அப்போது எதிர்த்துப் பேசியதை வைத்து ஒருவரின் பக்கத்தைக் கண்டுபிடிப்பது, மழை வேண்டும் என்று சொன்னதை வைத்துக் கண்டுபிடிப்பது போலத்தான்.

எதிர்ப்பதற்குச் சொல்லும் காரணத்தில் கொஞ்சம் தெரியும். மண் தாய், மரபு அழிகிறது என்பவர் ஒரு வகை. கம்பெனிக்கு லாபம், ஊருக்கு உப்புத் தண்ணீர் என்பவர் இன்னொரு வகை. இயற்கை விவசாயம் பேசிய நம்மாழ்வார் இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். மீத்தேனுக்கு எதிராக ஊர் ஊராகப் போய்ப் பேசிக்கொண்டிருந்தபோதே, 2013 டிசம்பர் 30இல் பட்டுக்கோட்டைப் பக்கம் அத்திவெட்டியில் காலமானார். மரபு விதையைக் காப்பாற்று என்றவரை வலதில் வைப்பதா, பன்னாட்டுக் கம்பெனியை விரட்டு என்றவரை இடதில் வைப்பதா? அவரை எந்தப் பெட்டியில் போட்டாலும் ஒரு கை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

ஒருவர் செய்த ஒரு நல்ல காரியத்தை வைத்து முடிவு செய்யலாமா?

ராஜாஜியை வைத்துப் பாருங்கள். 1952இல் முதலமைச்சராக வந்தவுடன் கம்யூனிஸ்டுகளைத் தன் முதல் எதிரி என்று வெளிப்படையாகச் சொன்னவர். 1959இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கி, அரசு தொழில் நடத்துவதையும் நிலத்துக்கு உச்சவரம்பு வைப்பதையும் எதிர்த்தவர். வலதுசாரி என்று சொல்ல இதைவிட என்ன வேண்டும்? ஆனால் தஞ்சை மாவட்டத்தில் குத்தகைதாரரையும் பண்ணையாளையும் நினைத்தபோது வெளியேற்ற முடியாதபடி 1952இல் சட்டம் கொண்டுவந்ததும் அவருடைய ஆட்சிதான். மிராசுதார்களுக்கு அது கசந்தது.

ஏன் செய்தார்? 1940களில் கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் இந்த மாவட்டத்தில் சேரி சேரியாக நடந்து, தண்டனையாகக் குடிக்கவைத்த சாணிப்பாலுக்கும் சவுக்கடிக்கும் எதிராகப் பண்ணையாட்களைத் திரட்டியிருந்தார். கிழக்குத் தஞ்சை முழுக்கச் செங்கொடி ஏறிக்கொண்டிருந்தது. அதன் காலடி மண்ணை எடுத்துவிட வேண்டும் என்ற கணக்கு ராஜாஜிக்கு இருந்தது. பண்ணையாளுக்குப் பாதுகாப்பு கிடைத்தது உண்மை. கொடுத்தவரின் நோக்கம் செங்கொடியை இறக்குவது என்பதும் உண்மை.

1967 தேர்தலில் திமுக கூட்டணியில் அவருடைய சுதந்திராவும் மார்க்சிஸ்ட் கட்சியும் ஒன்றாக நின்றன. 1938இல் பள்ளியில் இந்தியைக் கட்டாயமாக்கிய அவரே பின்னாளில் இந்தி ஆட்சிமொழியாவதை எதிர்த்தார். இன்று அவர் இருந்து இரவு விவாதத்துக்கு வந்தால் சேனல்காரர்களுக்குப் பெயருக்குக் கீழே என்ன போடுவது என்று கை நடுங்கும். ஒரு செயலை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். அவர் சொல்லும் காரணத்தையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

கீழ்வெண்மணியைப் பற்றி எல்லாரும் ஒரே மாதிரிதானே பேசுகிறார்கள்?

காதைக் கூர்மையாக வைத்துக் கேளுங்கள், ஒரே மாதிரி இருக்காது. 1968 டிசம்பர் 25 இரவு, ஒரு குடிசைக்குள் வைத்து 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளுமே பெரும்பாலோர், அனைவரும் தலித்துகள். கூலி உயர்வு கேட்டதும் செங்கொடியை இறக்க மறுத்ததும்தான் அவர்கள் செய்தது. கீழ்நீதிமன்றம் தண்டித்த நிலக்கிழார்களை 1973இல் உயர்நீதிமன்றம் விடுவித்தது. அத்தனை பெரிய சொத்துக்காரர்கள் தாங்களே நேரில் போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்பது அந்தத் தீர்ப்பில் வரும் ஒரு வாதம்.

ஒவ்வொரு டிசம்பரிலும் இதைப் பற்றிப் பேசுபவர்களில் ‘கூலிப் போராட்டத் தியாகிகள்’ என்று மட்டும் சொல்லி, இறந்தவர்களின் சாதியைச் சொல்லாமல் கடந்துபோகிறவர் பழைய பாணி இடதுசாரி. ‘சாதிப் படுகொலை’ என்று மட்டும் சொல்லி, கூலியையும் கொடியையும் விட்டுவிடுகிறவர் வேறு மரபிலிருந்து வருகிறார். அவர் இடதை நம்பாதவராகவும் இருக்கலாம், அதற்கு அவரிடம் காரணமும் இருக்கலாம். அப்போது ஆட்சியில் இருந்தது அண்ணா தலைமையிலான திமுக என்பதை மறக்காமல் சொல்பவர் யார், மறந்துவிடுபவர் யார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். நடந்ததையே மெல்லப் பேசி, ‘இரு தரப்பு மோதல்’ என்று தொடங்குகிறவரைப் பற்றி நான் எதுவும் எழுதப் போவதில்லை.

தன் கட்சி தவறு செய்யும்போது பேசுகிறாரா என்று பார்க்கச் சொல்கிறார்களே?

பார்க்கத்தான் வேண்டும். ஆனால் இது அவர் எந்தக் கொள்கைக்காரர் என்பதைவிட, கொள்கைக்காரரா கட்சிக்காரரா என்பதைக் காட்டும் சோதனை.

மேற்கு வங்கத்தில் இடது முன்னணி அரசு சிங்கூரில் கார் தொழிற்சாலைக்கு விளைநிலத்தை எடுத்தது. 2007 மார்ச் 14இல், நிலம் எடுப்பதை எதிர்த்த நந்திகிராமில் போலீஸ் சுட்டு 14 பேர் செத்தார்கள். நிலம் உழுபவனுக்கே என்று இங்கே முழங்கிக்கொண்டிருந்தவர்களில் சிலருக்கு அந்த மாதம் மட்டும் தொழில்வளர்ச்சி மேல் திடீர்ப் பாசம் வந்தது. சிலர் தலையைக் குனிந்துகொண்டாலும் தவறு என்று சொன்னார்கள். அந்த இரண்டாமவர்களின் பெயரை நான் நினைவில் வைத்திருக்கிறேன்.

மறுபக்கம் 2020இன் மூன்று வேளாண் சட்டங்கள். எங்கே வேண்டுமானாலும் விற்கலாம் என்பது சுதந்திரம் என்று ஓராண்டு வாதாடினார்கள். (ஈர நெல்லோடு நிற்கிறவனுக்கு ‘எங்கே வேண்டுமானாலும்’ என்பது எங்கே என்று இங்கே பலர் கேட்டார்கள்.) 2021 நவம்பர் 19இல் பிரதமர் சட்டங்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். அன்று மாலையே, திரும்பப் பெற்றதுதான் ராஜதந்திரம் என்று அதே வாய்கள் பேசின. சந்தையை உண்மையிலேயே நம்பும் வலதுசாரிகள் சிலர் மட்டும் அன்றைக்கு வருத்தப்பட்டார்கள். வலதுசாரி என்ற பெயர் அவர்களுக்குத்தான் பொருந்தும்.

திராவிட முகாமுக்கும் உள்ளூரில் ஒரு சோதனை நடந்தது. 2022இல் தருமபுரம் ஆதீனத்தின் பட்டினப் பிரவேசத்தில் மனிதரை மனிதர் பல்லக்கில் சுமக்கக் கூடாது என்று வருவாய்க் கோட்டாட்சியர் தடை போட்டார். தடையைச் சமூகநீதி என்று பாராட்டியவர்கள், சில நாட்களில் தடை விலக்கப்பட்டபோது என்ன பேசினார்கள் என்று தேடிப் பாருங்கள். பலரிடம் பேச்சே இல்லை.

இதையெல்லாம் நினைவில் வைத்துக்கொள்ள முடியுமா?

நோட்டு போடுங்கள். நானும் என் சித்தப்பா மகனும் ஒரு குறுவைப் பருவம் முழுக்க, நாற்றுவிட்டதிலிருந்து அறுவடை வரை, இரண்டு விமர்சகர்களை மட்டும் எடுத்துக்கொண்டு நாற்பது பக்க நோட்டில் எழுதினோம். தேதி, பேசிய பொருள், யாரைக் குறை சொன்னார், யாருக்காகக் கேட்டார். நாலே கட்டங்கள். பருவம் முடிந்து புரட்டிப் பார்த்தபோது எங்கள் இருவருக்கும் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. நாங்கள் தீவிர இடது என்று நம்பிய மனிதரின் பக்கங்களில் ‘யாருக்காக’ என்ற கட்டம் ஏறக்குறைய காலி. ஒரு கட்சியைத் திட்டியிருந்தார், நன்றாகத் திட்டியிருந்தார், அவ்வளவுதான். கூலி என்ற சொல் ஓரிடத்தில்கூட இல்லை. வலது என்று நாங்கள் சேனலை மாற்றிவிடும் இன்னொருவர், கழிவுநீர்த் தொட்டியில் இறங்கிச் சாகும் தொழிலாளர்களுக்காக இரண்டு முறை பேசியிருந்தார், அதுவும் தன் பக்கத்து ஆட்சியைச் சாடி. அதனால் அவர் இடதாகிவிடவில்லை. சேனலை மாற்றாமல் கேட்கிறோம்.

நெற்றியில் திருநீறு, கழுத்தில் உருத்திராட்சம். வலதுதானே?

குன்றக்குடி அடிகளார் மயிலாடுதுறைப் பக்கத்தில் பிறந்தவர், தருமபுரம் ஆதீனத்தில் தம்பிரானாக இருந்தவர், பிறகு மடாதிபதி. பெரியாரோடு நட்பு, சோவியத் நாட்டுக்குப் பயணம், பொதுவுடைமை மேல் பரிவு. எதிர்ப்பக்கத்தில், கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு குத்தகை நெல்லை ஒரு படி குறையாமல் அளந்து வாங்கியவர்களையும் இந்த மாவட்டம் பார்த்திருக்கிறது. சாதியை வைத்தும் கண்டுபிடிக்க முடியாது: பண்ணையாட்களைத் திரட்டிய சீனிவாசராவ் கன்னடம் பேசும் பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். உடையும் பிறப்பும் சேனல் போடும் பட்டத்தைப் போலத்தான்.

திமுகவை ஆதரித்தால் இடதா?

சில விஷயங்களில் இடது, சில விஷயங்களில் வலது, பல விஷயங்களில் வேறு அளவுகோல். எல்லாருக்கும் ரேஷன் அரிசி என்பதில் இடதுபோலத் தெரியும். தனியார் கல்லூரிகளைப் பற்றிப் பேசும்போது அந்தச் சாயம் வெளுத்துவிடும். 2019இல் பொருளாதாரத்தில் நலிந்த முற்பட்ட வகுப்பினருக்கு 10 சதவீத ஒதுக்கீடு வந்தபோது மார்க்சிஸ்ட் கட்சி ஆதரித்தது, திமுக எதிர்த்தது. ஏழ்மையை அளவாக வைக்கும் மரபுக்கும் சாதியை அளவாக வைக்கும் மரபுக்கும் உள்ள இடைவெளி அந்த ஒரு வாக்கெடுப்பில் பளிச்சென்று தெரிந்தது. இந்தப் பொருளில் ஒரு விமர்சகர் எங்கே நின்றார் என்று பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

கோயில் நிலப் பேச்சில்?

கோயிலை அரசு விட வேண்டுமா வேண்டாமா என்று ஒரு மணி நேரம் கத்துவார்கள். கோயில் நிலம் எங்கோ மேகத்தில் மிதப்பது போல இருக்கும் அந்தப் பேச்சு. டெல்டாவில் அது யாரோ ஒருவர் குத்தகைக்கு உழுகிற நஞ்சை. வெள்ளத்தில் சம்பா மூழ்கிப்போன வருடத்தின் குத்தகை பாக்கியை என்ன செய்வது என்று கேளுங்கள். ஆக்கிரமிப்பாளனை வெளியேற்று என்றால் வலது. உழுபவனுக்கு உரிமை கொடு என்றால் இடது. அறநிலையத் துறை சட்டப்படிதான் நடக்கிறது என்றால் அவர் எந்தச் சாரியும் இல்லை, ஆளுங்கட்சி வக்கீல்.

காவிரிப் பிரச்சினையில்?

விட்டுவிடுங்கள். எல்லையில் இருக்கும் பிலிகுண்டுலுவில் கர்நாடகம் ஆண்டுக்கு 177.25 டிஎம்சி தண்ணீர் விட வேண்டும் என்று 2018இல் உச்சநீதிமன்றம் சொன்ன கணக்கில் இடதும் இல்லை வலதும் இல்லை. காங்கிரசும் பாஜகவும் பெங்களூரில் ஒரு பேச்சு, தஞ்சாவூரில் ஒரு பேச்சு. தண்ணீர் வந்தபின் கடைமடைக்கு ஏன் போய்ச் சேரவில்லை என்று கேட்கிறாரா என்பதை வேண்டுமானால் பாருங்கள்.

நான் நடுநிலை என்பவர்?

கூலி என்ன கொடுக்கிறார் என்று கேளுங்கள்.

நீங்கள் எந்தப் பக்கம்? அதைச் சொல்லாமல் ஊரை எடைபோடுகிறீர்களே?

நியாயமான கேள்வி. இருபது வயதிலிருந்து இடது என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எங்களுக்கு வடுவூர்ப் பக்கம் அரை வேலி நிலம் இருக்கிறது. சென்ற சம்பாவுக்கு நடவாள் கேட்டுப் போனேன். வழக்கமாக ஆள் கூட்டி வரும் அக்கா, போன வருடத்தைவிட ஆளுக்கு ஐம்பது ரூபாய் கூடக் கேட்டார். “என்ன அக்கா, நூறு நாள் வேலை வந்ததிலிருந்து...” என்று என் வாயிலிருந்தே வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற என் மனைவி சிரித்துவிட்டார். அந்த அக்கா சிரிக்கவில்லை. மீதியையும் சொல்லட்டும் என்பது போல முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு என் முகத்தையே பார்த்தார். கேட்ட கூலியைக் கொடுத்தேன். கொள்கைக்காகக் கொடுத்தேனா, நாற்று முற்றிக்கொண்டிருந்ததால் கொடுத்தேனா என்று குளக்கரையில் இன்னும் தீர்ப்பு வரவில்லை.